கரண்ட் போனாலும் திறக்கிற பிளான்

போன கிழமை ஒரு வீடியோ பாத்தன். அண்டையில இருந்து மனசுக்குள்ள ஒரே எரிச்சல். எழுதினாத்தான் அடங்கும் போல கிடக்கு.

வீடியோவில ஒருத்தர் சொல்லுறார்: "டெஸ்க்டொப்பில காட் ஓட்டினது ஒரு காலம். இனி எல்லாம் கிளவுட்தான். இன்ரநெற் இப்ப எல்லா இடத்திலயும் இருக்குத்தானே."

எந்த எல்லா இடம்?

நான் பரந்தன் பக்கம் இருக்கிறன். வீட்டுப் பிளான் கீறுறது தொழில். வாற வேலையில அரைவாசி கிளிநொச்சி ரவுணைச் சுத்தித்தான். மிச்சம் விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மல்லாவி எண்டு பரந்து கிடக்கும். சில வளவுகளுக்கு அளவு எடுக்கப் போனா, படலையடியில போன் ரெண்டு கோடு காட்டும். கிணத்தடிக்குப் போக ஒண்டும் இராது. அங்க நிக்கேக்க வீட்டுக்கார அம்மா வந்து, "தம்பி, அந்தக் குசினியை ஒருக்காப் பெரிசாக்கிக் காட்டுங்கோ" எண்டு கேட்டா, கிளவுட்டில கிடக்கிற பிளானை நான் எதால திறக்கிறது?

அதுக்காக நான் கிளவுட்டுக்கு எதிரி எண்டு நினைக்காதேங்கோ. அதால எனக்குக் கிடைச்ச பெரிய புழுகம் ஒண்டும் இருக்கு. அதையும் எழுதத்தான் போறன். எனக்கு ஏறாதது என்னண்டா, நல்ல ஃபைபர் லைனில இருந்துகொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே முடிவைச் சொல்லுறது. எங்கட பெடியள் அதைக் கேட்டுத்தான் லப்டொப் வாங்கினம், கோர்ஸுக்குக் காசு கட்டினம்.

தெரியாத ஆக்களுக்காக முதல் ஒரு சின்ன விளக்கம். காட் எண்டா கொம்பியூட்டரில பிளான், மெசின் கீறுற சொப்ட்வெயார். டெஸ்க்டொப் காட் எண்டா அது உங்கட மெசினில இருக்கும். கணக்கை உங்கட மெசினே போடும். ஃபைலும் உங்கட டிஸ்க்கில. ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ், பிரீகாட் எல்லாம் அந்த வகை. கிளவுட் எண்டா பிரௌசரைத் திறந்தாக் காணும். கீறுறது உங்கட கை, கணக்குப் போடுறது எங்கயோ இருக்கிற சேர்வர், ஃபைல் கிடக்கிறதும் அங்கதான். ஒன்ஷேப் அப்பிடி. பியூஷன் ரெண்டுக்கும் நடுவில நிக்குது: சொப்ட்வெயாரை இறக்கிப் போடவேணும், ஆனா வேலையைக் கிளவுட்டில சேமிக்கும். நெட் இல்லாமல் ரெண்டு கிழமை ஓடும். பிறகு ஒருக்கா நெட்டுக்கு வந்து போகவேணும்.

இனிக் கதைக்கு வாறன்.

2022 ஐ ஆரும் மறக்கேலுமோ? மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை. அப்பதான் எனக்கு ஒண்டு வடிவா விளங்கினது. கரண்ட் போன உடன லப்டொப் நிக்காது, அதுக்குள்ள பற்றி இருக்கு. முதல்ல நிக்கிறது நெட். வீட்டு ரவுட்டர் அந்தக் கணமே அணைஞ்சிடும். சரி, போனில ஹொட்ஸ்பொட் போடுவம் எண்டா, கரண்ட் கனநேரம் இல்லாட்டி டவரிலயும் பற்றி இறங்கிடும். போனில சார்ஜ் இருக்கும், லப்டொப்பில சார்ஜ் இருக்கும், ரெண்டுக்கும் வெளியால ஒண்டும் இராது.

அந்த மாசங்களில நான் வேலை முடிச்சுக் குடுத்தது டிஸ்க்கில கிடந்த சொப்ட்வெயாராலதான். கரண்ட் வாற நேரம் சார்ஜ் போடுறது, போற நேரம் கீறுறது. பற்றி எத்தினை மணித்தியாலம் நிக்குமோ அத்தினை மணித்தியாலம் வேலை. அந்த நேரம் என்ர பிளான் எல்லாம் ஒரு சேர்வருக்குள்ள கிடந்திருந்தா, சார்ஜ் இருக்கிற லப்டொப்பை மடியில வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருப்பன்.

"அந்தக் காலம் போட்டுதுதானே" எண்டு கேப்பியள். ஓம், கனக்கத் திருந்தியிருக்கு. ஆனா 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கோ? பாணந்துறை உப மின்நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்ததில நாடு முழுக்க இருண்டது. மேற்குக் கரையில நடந்ததுக்கு இஞ்ச பரந்தனில விளக்கு நிண்டது. மாரி வந்தா அது வேற. 2018 டிசம்பரில இரணைமடுவின்ர வான்கதவுகளைத் திறந்துவிட்ட நேரம் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள்ள கிடந்ததை இஞ்ச ஒருத்தரும் மறக்கேல்லை. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டாம், இடி முழங்கத் தொடங்கினாலே நாங்கள் ரவுட்டர் வயரைக் கழட்டி வைக்கிற ஆக்கள்.

அப்ப டெஸ்க்டொப்தான் எண்டு முடிச்சிடலாமோ?

ஏலாது. காசுக் கதை ஒண்டு இருக்கு.

ஓட்டோகாட் 1982 இல வந்தது. கன வருசமா, ஒருக்கா வாங்கினா வாங்கினதுதான். பழைய பதிப்பெண்டாலும் அது உங்கட. 2016 இல அதைச் செய்யிற ஓட்டோடெஸ்க் கொம்பனி அந்த விக்கிற முறையை நிப்பாட்டிப்போட்டு வாடகைக்கு மாறினது. அமெரிக்க விலைப்படி முழு ஓட்டோகாட்டுக்கு வருச வாடகை 2,000 டொலருக்குக் கிட்ட வரும். டொலரை 300 ரூபா எண்டு போட்டாலே ஆறு லட்சம்.

இந்த ஆறு லட்சத்தை வன்னிக்குள்ள நிண்டு பாருங்கோ. போர் முடிஞ்சு சனம் திரும்பி வந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 2012 ஒக்ரோபரில அதின்ர பெரிய கட்டம் தொடங்கேக்க ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டக் குடுத்த தொகை 550,000 ரூபா. (அப்ப டொலர் 130 ரூபா அளவில நிண்டது, அதையும் சேத்துத்தான் பாக்கவேணும்.) அந்தக் காசை நம்பித்தான் சனம் அத்திவாரம் வெட்டி, கல்லு அரிஞ்சு, சுவர் எழுப்பி, ஓடு போட்டது. மிச்சத்துக்குத் தோடு, சங்கிலி அடைவு வைச்ச கதைகள் வீட்டுக்கு வீடு இருக்கு. இண்டைக்கு என்னட்ட வாற வேலையில கனக்க அந்த வீடுகளுக்கு ஒரு அறை கூட்டி எடுக்கிறது, முன்னுக்கு விறாந்தை இறக்கிறது. அந்த ஒரு அறையைக் கீற வேண்டிய சொப்ட்வெயாரின்ர ஒரு வருச வாடகை, முழு வீட்டுக்கும் குடுத்த காசை விடக் கூட. இதைக் கணக்குப் போட்டுப் பாத்த அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.

டொலரில வாடகை கட்டுறதில இன்னொரு பயமும் இருக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபா அளவில நிண்டது. மே மாசம் 360. கொம்பனி விலையில ஒரு சதம் கூட்டாட்டியும் எங்கட பில் முக்கால்வாசிக்கு மேல ஏறியிருக்கும். இதில டெஸ்க்டொப், கிளவுட் எண்ட வித்தியாசமே இல்லை. வாடகை எண்டா வாடகைதான்.

அதாலதான் எங்க பாத்தாலும் 'கிராக்' போட்ட ஓட்டோகாட். நான் பாவிக்கிறேல்லை. பாவிக்கிறவையைத் திட்டவும் மனம் வராது, ஏனெண்டா மேல சொன்ன கணக்கு அவைக்கும் தெரியும். ஆனா ஒரு ஆபத்தை மட்டும் சொல்லிப்போடுறன். ஓட்டோகாட்டுக்குள்ள ஓட்டோலிஸ்ப் எண்டு ஒரு மொழி இருக்கு. அதில எழுதின சின்ன நிரல்கள், பிளான் கிடக்கிற ஃபோல்டருக்குள்ளயே இருந்துகொண்டு, பிளானைத் திறந்த உடன தாங்களா ஓடும். வேலைக்கு நல்ல வசதி. வைரசும் அதே வாசலாலதான் வருது. 2012 இல வைரஸ் பிடிக்கிற ஈசெட் நிறுவனம் மெட்ரே எண்டு ஒண்டைப் பிடிச்சது. அது பெரு நாட்டில கன மெசினுக்குள்ள பூந்து, வரைபடங்களைக் களவா எடுத்து, சீனாவில இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு வந்த ஓட்டோகாட் பதிப்புகளில இதுக்குக் காவல் போட்டவை. கிராக் போட்ட பழசுக்கு எந்தத் திருத்தமும் வராது. பிளான் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவோட கடை கடையா ஏறி இறங்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதையில்லை. பிரிண்டுக்குப் போகேக்க பி.டி.எஃப் மட்டும் போட்டுக்கொண்டு போங்கோ. மூல ஃபைல் கடை மெசினுக்குப் போகத் தேவையே இல்லை.

இன்னொரு விசயம் கன பேர் யோசிக்கிறேல்லை. மெசினில இருக்கிறது எல்லாம் எங்கட கையில இருக்கு எண்டு நினைக்கிறம். அப்பிடியில்லை. வாடகை ஓட்டோகாட் 30 நாளைக்கு ஒருக்காவாவது நெட்டுக்குப் போய் அனுமதி கேக்கும். டிராஃப்ட்சைற் எண்டு ஒண்டு இருந்தது, பாவிக்க ஓட்டோகாட் மாதிரியே, இலவசம். உலகம் முழுக்கக் கன பேர் அதில வேலை செய்தவை. 2019 டிசம்பர் 31 ஓட அந்த இலவசப் பதிப்பை நிப்பாட்டினவை. டிஸ்க்கில கிடந்த சொப்ட்வெயார்தான், ஆனா அடுத்த நாள் திறக்கமாட்டன் எண்டிட்டுது. ஸ்கெச்அப்பும் 2017 பதிப்போட இலவச டெஸ்க்டொப்பை முடிச்சுக்கொண்டு, இலவசம் வேணுமெண்டா பிரௌசருக்கு வாங்கோ எண்டிட்டுது.

கிளவுட் பக்கமும் இதுதான் நடந்தது. சின்னப் பிள்ளைகள் படிக்கிற டிங்கர்காட், 2013 இல மூடப்போறம் எண்டே அறிவிச்சது. ஓட்டோடெஸ்க் வாங்கினபடியால் தப்பினது. பியூஷன் 2020 இல இலவசப் பாவனையாளருக்கு, திருத்தக்கூடிய ஃபைல் பத்துத்தான் எண்டு வரம்பு போட்டது.

ஆகவே டெஸ்க்டொப்போ கிளவுட்டோ எண்டு ஆரும் கேட்டா, நான் திருப்பி வேற ஒண்டு கேக்கிறனான். நீங்கள் கீறினதை, நீங்கள் நினைச்ச நேரம், வேற ஒருத்தரையும் கேக்காமல் திறக்கேலுமோ? அதுக்கு 'ஓம்' எண்டு சொல்ல ஏலுமெண்டா, சொப்ட்வெயார் எங்க ஓடினாலும் எனக்குச் சந்தோசம்.

இப்ப அந்தப் புழுகத்துக்கு வாறன்.

எங்கட பக்கம் வீடு கட்டுறவையில கன பேர் ஊரில இல்லை. காசு ரொறன்ரோவில இருந்து, சூரிச்சில இருந்து, லண்டனில இருந்து வரும். அத்திவாரம் தருமபுரத்தில வெட்டுப்படும். முந்தி நான் பிளானைப் பி.டி.எஃப் ஆக்கி வட்ஸ்அப்பில போடுவன். நடுச்சாமத்தில வொய்ஸ் மெசேச் வரும்: "அண்ணை, அந்த இடப்பக்கக் கதவைக் கொஞ்சம் தள்ளுங்கோ." ஆருக்கு இடம்? உள்ளுக்க நிண்டு பாக்கிற ஆளுக்கோ, வெளியால நிண்டு பாக்கிற ஆளுக்கோ? இதைக் கேட்டுத் தெளியவே ரெண்டு நாள் ஓடிடும், ஏனெண்டா அவை எழும்பி இருக்கேக்க நாங்கள் நித்திரை.

ஒரு பிள்ளை, கனடாவில இருக்கிறவ, தாய்க்கு வீடு கட்டினா. அந்த முறை நான் பிளானோட நிக்காமல், முப்பரிமாணத்தில சுவரும் கூரையும் எழுப்பி, கிளவுட்டில ஏத்தி, லிங்க்கை அனுப்பினன். ஒரு சொப்ட்வெயாரும் போடத் தேவையில்லை, போன் பிரௌசரிலயே வீட்டைச் சுத்திச் சுத்திப் பாக்கலாம். பிள்ளை பாத்து 'வடிவா இருக்கு' எண்டா. நான் எதிர்பாராதது தாய் கதைச்சது.

அந்த அம்மாவுக்குக் கடதாசிப் பிளானைக் காட்டேக்க எல்லாம் ஒரே ஒரு மறுமொழிதான் சொல்லுவா: "உங்களுக்குத் தெரியும்தானே தம்பி." அவவுக்கு அந்தக் கோடுகள் ஒண்டும் சொல்லேல்லை. பக்கத்து வீட்டுப் பெடியன்ர போனில அந்த லிங்க்கைத் திறந்து, விரலால வீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு எனக்குப் போன் எடுத்தா.

"தம்பி, உந்தக் குசினி யன்னலால படலை தெரியாது."

"ஓம் அம்மா, யன்னல் கிணத்துப் பக்கம் வைச்சிருக்கு."

"கிணறு எங்க போகப்போகுது? படலையால ஆர் வருகினம் எண்டு நான் பாக்கவேண்டாமே? நான் தனியத்தானே இருக்கப்போறன்."

பிறகு சாமியறைக் கதவைப் பற்றிச் சொன்னா. விறாந்தைக் குந்து உயரமாப் போச்சு, கால் மடக்கி இருக்க ஏலாது எண்டு சொன்னா. அவ்வளவு நாளும் அவவுக்குள்ள கிடந்த வீடு அண்டைக்குத்தான் வாயால வந்தது. குசினி யன்னலைத் திருப்பினன். குந்தைப் பதிச்சன். அந்த வீட்டில இப்ப அவ இருக்கிறா.

இதுக்குப் பிறகு கிளவுட் வேண்டாம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்? வீட்டில இருக்கப்போற மனிசருக்குத் தங்கட வீட்டைப் பற்றிக் கதைக்க வழி குடுத்தது அதுதான். காட் சொப்ட்வெயாரைப் பற்றிக் கதைக்கிறவை எல்லாரும் கீறுறவனின்ர வசதியைத்தான் கதைக்கினம். குடியிருக்கப்போறவவின்ர வசதியை ஆரும் கதைச்சு நான் கேக்கேல்லை.

அப்ப என்ர வேலையில பிரிவு இப்பிடித்தான் வந்து நிண்டது: கீறுறது டிஸ்க்கில, காட்டுறது கிளவுட்டில.

ஆனா இது வீட்டுப் பிளானுக்கு. மெசின் கீறுற பிள்ளைகளுக்குக் கதை வேற.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பினதே அறிவியல் நகரில படிக்கிற ஒரு தம்பிதான். (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் 2014 இல இருந்து கிளிநொச்சி அறிவியல் நகரில இயங்குது. அங்கயே 2016 இல இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் வந்தது. எங்கட காலத்தில காட் படிக்கிறதெண்டா யாழ்ப்பாணம் இல்லாட்டிக் கொழும்பு. இப்ப சைக்கிளில போய்ப் படிக்கினம். அந்தப் பக்கத்தால போகேக்க எல்லாம் எனக்கு ஒரு பெருமை.) தம்பி கேட்டார், "அண்ணை, என்ர லப்டொப் நாலு ஜிபி ராம் தான். ரெண்டு சக்கர உழவு மெசினுக்குப் பின்னால கொழுவுற மாதிரி, விதை போடுற கருவி ஒண்டு டிசைன் பண்ணுறம். கிளவுட்டில செய்யட்டோ?"

நான் ஓம் எண்டன். வீடியோக்காரர் சொன்னதுக்காக இல்லை.

வீட்டுப் பிளான் எண்டுறது பெரும்பாலும் கோடு. பழைய லப்டொப்பும் அதைத் தாங்கும். மெசின் அப்பிடியில்லை. பல்லுச் சில்லு, தண்டு, பெயாரிங், விதைப்பெட்டி எல்லாத்தையும் முப்பரிமாணத்தில செய்து, ஒண்டோட ஒண்டு பூட்டி, சுத்தேக்க முட்டுதோ எண்டு பாக்கவேணும். தண்டின்ர விட்டத்தை மாத்தினா, அதைப் பிடிச்சிருக்கிற ஒவ்வொரு ஓட்டையும் தானா மாறவேணும். இதுக்குப் பெலமான மெசின் தேவை, அந்த விலைக்குப் படிக்கிற பிள்ளை எங்க போறது? கிளவுட்டில அந்தப் பாரத்தைச் சேர்வர் சுமக்கும். ஒன்ஷேப் போனிலயும் ஓடும். லீவுக்கு ஒருத்தர் செட்டிக்குளத்தில, ஒருத்தர் முள்ளியவளையில இருந்தாலும் ஒரே டிசைனில ஒரே நேரத்தில கை வைக்கலாம். 'சேவ்' பட்டனே இல்லை, ஒவ்வொரு மாற்றமும் தானா பதிஞ்சுகொண்டிருக்கும். கரண்ட் போனாலும் அந்தக் கணம் வரைக்கும் செய்தது அங்க நிக்கும்.

இந்த ஒன்ஷேப்புக்குப் பின்னால ஒரு நல்ல கதை இருக்கு. ஜோன் ஹெர்ஷ்டிக் எண்டவர் எம்.ஐ.டியில படிச்சவர். அங்க சீட்டாட்டத்தைக் கணக்குப் போட்டு ஆடின பேர்போன குழுவில இருந்தவர். அதில உழைச்ச காசையும் போட்டு 1993 இல தொடங்கினதுதான் சொலிட்வேர்க்ஸ். 1995 இல வெளிவந்தது, 1997 இல டாசோ சிஸ்டம்ஸ் வாங்கினது. பெரிய கொம்பனிகள் மட்டும் பாவிச்ச முப்பரிமாண டிசைனைச் சாதாரண விண்டோஸ் மெசினுக்குக் கொண்டுவந்தது அது. அதே மனிசன் 2012 இல திரும்பத் தொடங்கி, 2015 இல ஒன்ஷேப்பை வெளியில விட்டார். டெஸ்க்டொப்பில அவ்வளவு பேர் எடுத்த ஆளே கிளவுட்டுக்கு மாறினார் எண்டா அதில விசயம் இருக்கு எண்டு நான் மதிக்கிறன். 2019 இல பி.ரி.சி. கொம்பனி அதை வாங்கினது.

ஓம் எண்டு சொன்னாலும், தம்பிக்கு ரெண்டு விசயத்தை அழுத்திச் சொன்னனான்.

ஒன்ஷேப்பில ஆரும் எடுக்கிற சும்மா இலவசக் கணக்கெண்டா நீங்கள் செய்யிறது எல்லாம் பொதுவில கிடக்கும், உலகத்தில ஆரும் பாக்கலாம். வியாபாரத்துக்கும் பாவிக்கேலாது. மாணவருக்கு எண்டு தனிக் கணக்கு இருக்கு, அதை எடுங்கோ. நாளைக்கு அந்தக் கருவி நல்லா வந்து நாலு விவசாயி கேட்டா, அப்ப யோசிக்கிறதிலும் இப்ப யோசிக்கிறது நல்லம்.

மற்றது இன்னும் முக்கியம். கிளவுட்டில இருந்து வெளியால எடுக்கேக்க என்ன வருது எண்டு பாருங்கோ. ஸ்டெப் எண்ட பொது வடிவத்தில எடுத்தா உருவம் அப்பிடியே வரும். ஆனா எந்தக் கோட்டில தொடங்கி, எதை இழுத்து, எதை வெட்டி அந்த உருவத்துக்கு வந்தனீங்கள் எண்ட வழி வராது. வேற சொப்ட்வெயாரில திறந்தா ஒரு கட்டி உலோகம் மாதிரித்தான் நிக்கும், ஒரு அளவை மாத்தினா மிச்சம் தானா மாறாது. அதாலதான், கிளவுட்டில படிக்கேக்கயே பிரீகாட்டையும் பக்கத்தில வைச்சுப் பழகுங்கோ எண்டன். 2002 இல இருந்து தன்னார்வலர்கள் கட்டி வளர்த்த சொப்ட்வெயார் அது. 2024 நவம்பரிலதான் 1.0 எண்டு பதிப்பு எண் போட்டவை. இலவசம், டிஸ்க்கில ஓடும், அதின்ர ஃபைலை ஒரு சிப் ஃபைல் மாதிரி விரிச்சு உள்ளுக்க பாக்கலாம். பழக மினக்கெடவேணும், அது உண்மை. ஆனா அதை உங்களிட்ட இருந்து ஒருத்தரும் பறிக்கேலாது.

(இன்னொரு துண்டுச் செய்தி: கடைசியில அந்த டிசைன் போய்ச் சேர்றது வெல்டிங் கடைக்கு, லேத்துக்கு. அங்க கிறீஸ் கையோட பாக்கிறது கடதாசி. சொப்ட்வெயார் மில்லிமீற்றரில யோசிக்கும், கடைக்காரர் அங்குலத்திலயும் நூலிலயும் யோசிப்பார். தொடங்க முதல் கடைக்காரரிட்ட ஒருக்காப் போய்க் கதைச்சு, அவரிட்ட என்ன தண்டு, என்ன பைப் கிடக்கு எண்டு பாத்துப்போட்டு வந்து அளவை வையுங்கோ.)

எல்லாரும் வாசிக்கவேணும் எண்டு நான் நினைக்கிற பகுதிக்கு இப்பதான் வாறன்.

பிளான் பாஸ் பண்ணப் பிரதேச சபைக்குப் போகேக்க காணி உறுதியோ பேர்மிற்றோ வேணும். வன்னியில அந்தக் கடதாசியின்ர பெறுமதி தெரியாத ஆள் இல்லை. 2008 இலயும் 2009 இலயும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகேக்க, உடுப்பை விட்டவை, சட்டி பானையை விட்டவை. உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மட்டும் பொலித்தீன் பையில சுத்தி நெஞ்சோட வைச்சிருந்தவை. அதுவும் துலைஞ்ச ஆக்கள் பிறகு எத்தினை கந்தோர் ஏறி இறங்கினவை எண்டு எனக்குத் தெரியும், அவையின்ர ஃபைலுகள் என்ர மேசையில வந்திருக்கு. கொழும்பிலயோ வெளிநாட்டிலயோ இருந்த சொந்தக்காரரிட்ட ஒரு போட்டோக்கொப்பி கிடந்த குடும்பங்களுக்கு அலைச்சல் குறைவு.

இதைக் கண்ட ஆக்கள் நாங்கள். ஒரு இடத்தில, ஒரு மெசினுக்குள்ள, ஒரே ஒரு பிரதியை வைச்சிருக்க எங்களுக்கு எப்பிடி மனம் வரும்? டெஸ்க்டொப்தான் பாதுகாப்பு எண்டு மார்தட்டுறவையோட எனக்கு இதிலதான் கோவம். இடி விழுந்தா? வெள்ளம் வந்தா? கள்ளன் வந்தா?

பிரதி வேணும். ஊருக்கு வெளியால வேணும். அதுக்குக் கிளவுட்டை விட நல்ல இடம் இல்லை.

இதில கன பேர் போட்டுக் குழப்புற ஒண்டு இருக்கு. கிளவுட்டில கீறுறதுக்கு நெட் விடாமல் நிக்கவேணும். கிளவுட்டில பிரதி வைக்கிறதுக்கு ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் நெட் வந்தாலே காணும். ஒரு வீட்டுப் பிளான் டி.டபிள்யூ.ஜி (ஓட்டோகாட்டின்ர வடிவம்) ஃபைல் சில எம்.பிதான் வரும். மெலிஞ்ச சிக்னலிலயும் ஏறிடும். இரவு டேட்டா மிச்சம் கிடக்கிற நேரம் நான் படுக்கப் போக அது தன்ர பாட்டில ஏறிக்கொண்டிருக்கும். எங்கட நெட்டுக்கும் எங்கட கரண்டுக்கும் பொருந்திற கிளவுட் இதுதான்.

எந்தச் சொப்ட்வெயார் எண்டு கேக்கிறவைக்கு: வீட்டுப் பிளான்தான் உங்கட தொழிலெண்டா, ஒருதரம் காசு கட்டி வாங்கக்கூடியதைப் பாருங்கோ. இசட்.டபிள்யூ.காட் அப்பிடி விக்குது, டி.டபிள்யூ.ஜியை நேரடியாத் திறக்கும், ஓட்டோகாட் பழகின கைக்குக் கஷ்டமில்லை. காசே இல்லையெண்டா லிப்ரேகாட். அது டி.டபிள்யூ.ஜியில சேமிக்காது, டி.எக்ஸ்.எஃப் எண்ட வேற வடிவத்திலதான் சேமிக்கும். ஆனா இருபரிமாணப் பிளானுக்கு அதுவே காணும். எஞ்சினியரோ கட்டிடக்கலைஞரோ வாடகை ஓட்டோகாட்டில கீறி அனுப்புறாரெண்டா, அதைத் திறந்து பாத்துச் சரியா வருதோ எண்டு ஒரு சின்ன வேலையில பரீட்சித்துப்போட்டு முடிவெடுங்கோ. எழுத்துருவும் ஹாட்ச்சும்தான் முதல்ல குழம்பும்.

வேலை முடிஞ்சா நான் ஒவ்வொரு வீட்டையும் டி.டபிள்யூ.ஜி, டி.எக்ஸ்.எஃப், பி.டி.எஃப் எண்டு மூண்டாகவும் எடுத்து வைக்கிறனான். டி.எக்ஸ்.எஃப் உம் ஓட்டோகாட்டோட 1982 இலயே வந்தது. உள்ளுக்க வெறும் எழுத்தும் எண்ணும்தான், நோட்பாட்டில திறந்தாலும் கோட்டின்ர அளவு தெரியும். இருபது வருசத்தால எந்தக் கொம்பனி இருக்குமோ தெரியாது, எழுத்தை வாசிக்க ஒரு மெசின் இருக்கும். அந்த மூண்டையும் பென் டிரைவில போட்டு வீட்டுக்காரரிட்டயும் குடுத்திடுவன். மூல ஃபைலைக் குடுக்காமல், அடுத்த அறைக்கும் என்னட்டத்தானே வரவேணும் எண்டு வைச்சிருக்கிறவை இருக்கினம். எனக்கு அது சரியாப் படேல்லை. வீடு அவையின்ர. கிணறு எங்க, மலக்குழி எங்க, அத்திவாரம் எவ்வளவு ஆழம் எண்டது அவையிட்ட இருக்கவேணும். நாளைக்கு நான் இல்லாட்டியும் வேற ஒரு தம்பி அந்த ஃபைலைத் திறந்து மேல்மாடி கீறட்டும்.

கடைசியா ஒண்டு கேக்கவேணும். 2025 ஜூலையில இருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இன்ரநெற் இலங்கையில வேலை செய்யுது. முல்லைத்தீவுக் கரைப் பக்கமோ, துணுக்காய், நெடுங்கேணிப் பக்கமோ ஆரும் அதைப் போட்டு காட் வேலை செய்யிறியள் எண்டா தயவுசெய்து எனக்கு எழுதுங்கோ. மாரி மழை கொட்டேக்க ஒன்ஷேப் மாதிரி ஒண்டு விடாமல் ஓடுதோ? கரண்ட் இல்லாத நேரம் அந்த டிஷ்ஷுக்குச் சோலார் பற்றி எத்தினை மணித்தியாலம் குடுக்குது? மாசச் செலவு ஒரு சின்ன ஒபிசுக்குக் கட்டுமோ? ஓம், நல்லா ஓடுது எண்டு நாலு பேர் சொன்னா, இதில அரைவாசியைத் திருத்தி எழுத நான் றெடி.